குங்கிலியம் விற்றவர் யார்?



உங்களுக்குப் பிடித்த கதை ஒன்று முடிந்துபோனால் மனசு வாடிப் போகும், இல்லையா? 'இன்னும் கொஞ்சம் இருக்கக் கூடாதா?' என்று தோன்றும். சோட்டா பீம் பார்த்துவிட்டு, 'தோலக்பூருக்கு நானும் போனால் எப்படி இருக்கும்?' என்று நினைக்காத பிள்ளை உண்டா? சிலர் நினைப்பதோடு நிற்பதில்லை. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதியே விடுவார்கள். கணக்கு நோட்டாக இருந்தால் ஆசிரியரிடம் மாட்டிக்கொள்வார்கள். நானும் அப்படிப் பல நோட்டுகளைப் பிடித்திருக்கிறேன். பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப் போய், ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பேன்!

இப்படி ஒருவர் படைத்த கதைக்குள் அதன் ரசிகர் புகுந்து எழுதும் புதுக்கதையை 'ரசிகர் புனைவு' என்கிறார்கள். ஃபேன் ஃபிக்‌ஷன் என்பதும் இதுதான். பெயர் புதிதே தவிர, வழக்கம் நமக்குப் புதிதல்ல. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முடிந்த இடத்திலிருந்து தொடர்ந்து, எழுத்தாளர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். தெருக்கூத்தில் கட்டியக்காரன் வருவாரே, அவர் எந்தப் பாரதத்தில் இருக்கிறார்? துரியோதனன் மேடைக்கு வந்ததும், "நீர் யாரய்யா?" என்று துணிந்து கேட்கும் அந்த ஆள், கூத்துக்காரர்கள் உள்ளே விட்ட புது ஆள்தான்.

பழைய ஆட்களை வைத்துக் கதையை நீட்டுவது சுலபம். புதிதாக ஓர் ஆளை உள்ளே விடுவதில்தான் சிக்கல். நான் பிடித்த நோட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்: 'தோலக்பூருக்கு ஒரு பையன் வந்தான். அவனுக்குப் பத்து வயது. அவன் பீமை விடப் பலசாலி. பீமை விட அதிக லட்டு தின்பான். எல்லாப் போட்டியிலும் அவனே ஜெயித்தான். பீம் அவனுக்கு நண்பனாகிவிட்டான்.' படிக்கும்போதே கொட்டாவி வந்துவிடும்! அந்தப் பையனுக்கு எதுவுமே கஷ்டமில்லை. பிறகு எனக்கு என்ன கவலை, அவன் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன?

இது நம் பிள்ளைகள் மட்டும் செய்வதில்லை. அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடருக்கு ஏராளமான ரசிகர்கள். அவர்கள் எழுதிய கதைகளிலும் இந்த 'எல்லாம் வல்ல' ஆட்கள் நிறைய வந்தார்கள். பாலா ஸ்மித் என்ற ரசிகை இதைக் கேலி செய்து 1973-இல் ஒரு குட்டிக்கதை எழுதினார். அதில் வரும் பெண்ணின் பெயர் மேரி சூ. பதினைந்தரை வயதிலேயே விண்கப்பல் படையில் லெப்டினன்ட்! கப்பலில் உள்ள அனைவரும் அவளை மெச்சுகிறார்கள், எல்லாரையும் அவள்தான் காப்பாற்றுகிறாள், கடைசியில் அவள் இறந்ததும் எல்லாரும் அழுகிறார்கள். அன்று முதல் இப்படிப்பட்ட ஆளுக்கு 'மேரி சூ' என்றே பெயராகிவிட்டது.

அப்படியானால் புது ஆளை எப்படி உள்ளே விடுவது? நம் காவிரிக் கரையிலேயே ஒருவர் அதைப் பிரமாதமாகச் செய்து காட்டியிருக்கிறார்.

திருநாளைப்போவார் என்னும் நந்தனார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆதனூரில் பிறந்தவர். தீண்டாமைக் கொடுமையால் கோயிலுக்குள் போக முடியாதவர். சிதம்பரம் போய் நடராசரைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதைச் சுருக்கமாகச் சொல்கிறார். தம் குலத்தை எண்ணித் தயங்கித் தயங்கியே நந்தனார் நாளைத் தள்ளிப்போட்டார் என்பது சேக்கிழார் சொல்லும் காரணம்.

அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், மாயவரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் என்ற இசைப்புலவர் வாழ்ந்தார். அவர் இதே கதையை 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யாகப் பாடினார். அவர் சுற்றிலும் பார்த்தது என்ன? வயல், பண்ணை, பண்ணையாள். பண்ணையாள் நினைத்த நேரத்தில் நினைத்த ஊருக்குப் போய்விட முடியுமா? ஆண்டை விடை கொடுக்க வேண்டாமா? 'ஏன் நாளைக்கு? இன்றைக்கே போனால் என்ன?' என்ற கேள்விக்கு அவருடைய பதில் ஒரு புது ஆளாக வந்து நின்றது. அவர்தான் வேதியர், நந்தனாரின் ஆண்டை. பெரியபுராணத்தில் இவர் கிடையவே கிடையாது!

"சிதம்பரம் போக வேண்டும், உத்தரவு தாருங்கள்" என்று நந்தனார் கெஞ்சுகிறார். வேதியர் கோபிக்கிறார், ஏசுகிறார். கடைசியில் ஒரு நிபந்தனை போடுகிறார். நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போகலாமாம்! ஒரு வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நாற்பது வேலி என்றால் ஏறத்தாழ 266 ஏக்கர். ஒரு மனிதரால் ஆகிற காரியமா? 'போகாதே' என்பதைத்தான் வேதியர் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறார். ஆனால் இறைவன் அருளால் ஒரே இரவில் நாற்பது வேலியும் விளைந்து நிற்கிறது. காலையில் அதைப் பார்த்த வேதியர் நடுங்கிப்போய், தம் பண்ணையாள் காலிலேயே விழுகிறார்.

அவர் அரக்கன் இல்லை, கொம்பு முளைத்தவரும் இல்லை. சாதாரண நிலக்காரர். பண்ணை வேலை கெட்டுவிடும் என்ற கவலை, ஒருவன் போனால் மற்றவர்களும் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம், 'இவனுக்கு எதற்குச் சிதம்பரம்?' என்ற ஆணவம் எல்லாம் அவரிடம் இருக்கின்றன. தாம் செய்வது நியாயம் என்றே நம்புகிறார். அதனால்தான் அவரைப் பார்த்தால் நமக்குக் கோபம் வருகிறது. அவருக்கென்று பாரதியார் ஒரு பெயர்கூட வைக்கவில்லை, கவனித்தீர்களா? நீங்களோ மூன்று நாள் உட்கார்ந்து பெயர் தேடுவீர்கள்!

பாரதியார் தம் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டும் என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடினார். நூலில் இலக்கணப் பிழைகள் இருப்பதால் பிள்ளை நாள் கடத்திக்கொண்டே வந்தார். ஒரு நாள் பாரதியார் உருகிப் பாடியதைக் கேட்டு மனம் கரைந்து எழுதிக் கொடுத்தார். பிள்ளையின் மாணவரான உ.வே.சாமிநாதையர் இதை எழுதி வைத்திருக்கிறார். நந்தனார் கதை சினிமாவுக்கும் போனது. 1935-இல் வந்த படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியராகவும் நடித்தார்கள். 1942-இல் வந்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். வேதியர் பெரியபுராணத்திலேயே இருப்பதாகத்தான் பலரும் சொல்வார்கள். ஒரு கற்பனை ஆளுக்கு இதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்?

'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய தொடர் அது. வந்தியத்தேவர் வரலாற்றில் இருந்தவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், குந்தவையின் கணவராக அவர் பெயர் இருக்கிறது. பூங்குழலி கல்கியின் கற்பனை. வந்தியத்தேவன் ஈழத்துக்குக் கடல் தாண்ட வேண்டும், யார் கொண்டுபோய் விடுவது? அதற்காக வந்தவள்தான் கோடிக்கரைப் படகுக்காரி. ஆனால் துடுப்புப் போடுவதோடு அவள் நிற்கவில்லையே! சதுப்பு நிலத்தில் எரியும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி, 'இவர்கள்தான் என் காதலர்கள்' என்கிறாள். வந்தியத்தேவனே மிரண்டு போகிறான். அவளுக்கென்று ஒரு துக்கம் இருக்கிறது என்று நமக்கு உடனே புரிந்துவிடுகிறது.

சரி, இப்போது நாமே ஓர் ஆளை உண்டாக்கிப் பார்ப்போமா? அதற்கு எங்கள் திருக்கடையூருக்கு வாருங்கள்.

இந்த ஊரில் வாழ்ந்தவர் குங்கிலியக்கலய நாயனார். கோயிலில் குங்கிலியத் தூபம் போடுவது அவர் தொண்டு. செல்வம் எல்லாம் கரைந்து வறுமை வந்தது. பிள்ளைகள் பட்டினி. மனைவி தம் தாலியைக் கழற்றி, "நெல் வாங்கி வாருங்கள்" என்று கொடுத்தார். போகும் வழியில், குங்கிலியப் பொதியோடு ஒரு வணிகர் எதிரே வந்தார். கலயனாருக்கு நெல் மறந்து போயிற்று! தாலியைக் கொடுத்துப் பொதியை வாங்கிக் கோயிலில் சேர்த்துவிட்டார். அன்றிரவு இறைவன் அருளால் வீடு முழுக்கச் செல்வம் நிறைந்தது என்று புராணம் சொல்கிறது.

அந்த வணிகர் யார்? எங்கிருந்து வந்தார்? தாலியோடு எங்கே போனார்? சேக்கிழார் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது கலயனார் கதை. நமக்கு வேண்டியது இந்த ஆள்.

"சாமி கதையில் கை வைக்கலாமா?" என்று சிலர் கேட்பீர்கள். கலயனார் செய்ததை நாம் மாற்றப் போவதில்லை. அவர் தாலியைத் திருப்பிக் கேட்டதாக எழுதினால் அவர் கலயனாரே இல்லை. சேக்கிழார் விட்டுவைத்த காலி இடத்தில்தான் நாம் நிற்கிறோம்.

முதலில் குங்கிலியத்தைப் பாருங்கள். அது மரப் பிசின். அந்த மரங்கள் நம் வயற்காட்டில் இல்லை. மேற்கே மலைக்காடுகளில் வளர்பவை. ஆகவே வணிகர் பல நாள் நடந்து வந்தவர். கால் வெடித்திருக்கும். நடுவில் எத்தனை ஆறு, எத்தனை வாய்க்கால் தாண்டியிருப்பார்! எங்கே போய்க்கொண்டிருந்தார்? எங்கள் ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் கடல். மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் குங்கிலியத்தை எண்ணெயோடு கலந்து பூசி அடைப்பது பழைய வழக்கம். கரையில் படகு கட்டுகிறவர்களுக்கு விற்க வந்தவராக இருக்கலாம் அல்லவா? பாருங்கள், பிசினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டதும் ஆளுக்குப் பயணமும் அவசரமும் கிடைத்துவிட்டன.

காலத்தையும் மறக்காதீர்கள். கலயனார் அப்பர், சம்பந்தர் காலத்தவர், அதாவது ஏழாம் நூற்றாண்டு. ஒரு மாணவி அவரை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டாள்! டீ மட்டுமல்ல, மிளகாயும் அன்று இங்கே கிடையாது. அமெரிக்கக் கண்டத்து மிளகாயைப் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது மிகவும் பிற்பாடு. காரம் வேண்டுமானால் மிளகு போடுங்கள். நீங்கள் பொறுக்கி விளையாடும் சிவப்பு மஞ்சாடி விதை பொன் நிறுக்கும் எடையாக இருந்தது. சோழர் காலத்தில் இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. வணிகர் மடியில் சிறு தராசு ஒன்றை வைத்துவிட்டால் ஆள் இன்னும் தெளிவாகத் தெரிவார்.

அடுத்த கேள்வி பெரியது. கையில் வாங்கியது தாலி என்று அவருக்குத் தெரியுமா? எங்கள் ஊரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பாட்டிகளுக்குத் தாத்தாக்கள் மறுபடி தாலி கட்டுவதைப் பார்த்தே வளரும் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். அதே ஊரில் ஒரு தாலி பொதிக்கு விலையாகக் கைமாறியிருக்கிறது. வாங்கியவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

இதையே ஒரு வருடம் எட்டாம் வகுப்பில் எழுதச் சொன்னேன். பாதிப் பேர், 'வந்தவர் வணிகர் அல்ல, சிவபெருமானே' என்று முடித்துவிட்டார்கள். பக்தி சரிதான், ஆனால் அது தப்பித்துக்கொள்ளும் வழி. சாமி வந்துவிட்டால் காலும் வலிக்காது, கவலையும் இருக்காது. ஒரு பையன் தராசில் ஏமாற்றும் திருட்டு வணிகராக எழுதினான். பரவாயில்லை, ஆனால் அவர் ஏன் திருடர் ஆனார் என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை.

கடைசி வரிசையில் உட்காரும் பெண் ஒருத்தி, அதிகம் பேசமாட்டாள். அவள் எழுதியது ஒன்றரைப் பக்கம்தான். அவளுடைய வணிகருக்கு ஊரில் ஒரு மகள். மகள் கல்யாணத்துக்குப் பொன் சேர்க்கத்தான் மலைக்கும் கடலுக்கும் நடக்கிறார். கலயனார் கொடுத்ததைப் பார்க்காமலே மடியில் முடிந்துகொள்கிறார். ஊர் போய்ச் சேர்ந்து, தட்டாரிடம் உருக்கக் கொடுக்கும்போதுதான் முடிச்சை அவிழ்க்கிறார். தட்டார் அதை உரைகல்லில் தேய்க்கக் கையில் எடுத்தவர் நிறுத்திவிட்டு, "ஐயா, இது யார் கழுத்தில் இருந்தது?" என்று கேட்கிறார்.

அதற்குள் மணி அடித்துவிட்டது. அவள் மேற்கொண்டு எழுதவில்லை. மறுவாரம் பரீட்சை வந்துவிட்டது, நானும் கேட்கவில்லை. வணிகர் என்ன பதில் சொன்னார்? மகள் பக்கத்தில் நின்றாளா? ஒரு பக்கம் போதும், நீங்கள் எழுதிப் பாருங்களேன். டீ மட்டும் கொடுத்துவிடாதீர்கள்!