பேர் கேட்டுட்டு திட்டுற கேம்

ஒரு வீடியோ கேம் ஆரம்பிக்கும்போதே உங்க பேரைக் கேக்குது. நீங்களும் ஆசையா ஒவ்வொரு எழுத்தா தட்டுறீங்க. அதைக் கண்டுக்காம, கேம் உங்களுக்கு ஒரு வசவையே பேரா வெச்சா எப்படி இருக்கும்?

நிஜமாவே இருக்கு நேயர்களே! 'சவுத் பார்க்' கார்ட்டூன் தொடரை வெச்சு 2014-ல வந்த 'தி ஸ்டிக் ஆஃப் ட்ரூத்'. அதுல, ஊருக்குப் புதுசா குடி வந்த பையன்தான் நீங்க. வாயே திறக்க மாட்டீங்க! கார்ட்மேன்னு ஒரு குண்டுப் பையன், மந்திரவாதி வேஷத்துல வந்து பேர் கேப்பான். நீங்க முருகன்னு அடிச்சாலும் சரி, மாலான்னு அடிச்சாலும் சரி, அவன் வைக்கிறது ஒரே பேர்தான். ரேடியோவுல சொல்ல முடியாத பேர்! அப்புறம் வீரன், தளபதின்னு பதவி ஏறும், அந்தப் பேர் மட்டும் போகாது. மந்தைவெளி சந்து கிரிக்கெட்ல கண்ணாடி போட்டவன், செஞ்சுரி அடிச்சாலும் 'சோடாபுட்டி'தானே, அதே கதைதான்.

கேம்ல இந்தப் பசங்க போடுற சண்டையெல்லாம் எதுக்குங்கிறீங்க? ஒரு குச்சிக்கு! சாதாரண மரக்குச்சி. அதை வெச்சிருக்கிறவன்தான் உலகத்தையே ஆளுவானாம், பசங்க கணக்குல.

ஒண்ணு மட்டும்: கார்ட்டூன்தானேன்னு ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடிப் பிடிச்சு வீட்டு வாண்டுகளுக்கு வாங்கிக் குடுத்துடாதீங்க. இது முழுக்க முழுக்க பெரியவங்க சமாச்சாரம்!