அங்கியும் மேலுடையும்



மலைப்பொழிவில் நாம் பலமுறை கேட்ட அறிவுரை ஒன்று உண்டு. ஒருவர் நம்மீது வழக்குத் தொடுத்து நம் அங்கியைக் கேட்டால், மேலுடையையும் அவரிடம் விட்டுவிடும்படி இயேசு சொல்கிறார் (மத் 5:40). ஒன்று கேட்டால் இரண்டாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள் என்று எண்ணி நாம் கடந்துபோய்விடுகிறோம். ஆனால் அங்கி எது, மேலுடை எது என்று தெரியாவிட்டால் இந்த அறிவுரையில் பாதி நமக்கு விளங்காது. எனவே முதலில் அந்த இரண்டு உடைகளையும் பார்ப்போம்.

இயேசுவின் காலத்தில் அங்கி என்பது உடம்போடு ஒட்டி அணிகிற நீண்ட சட்டை. கழுத்துக்கும் கைக்கும் வழிவிட்டு, ஓர் ஆளின் உடம்புக்கு ஏற்றபடி செய்தது. மேலுடை அப்படிப்பட்டதல்ல. அது பெரிய நீள்சதுரத் துணி, பெரும்பாலும் ஆட்டு மயிரில் நெய்தது. பகலில் தோளைச் சுற்றிப் போர்த்துவார்கள். பொருள் எடுத்துப்போக வேண்டுமானால் அதிலேயே மூட்டை கட்டுவார்கள். எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவில் இஸ்ரயேலர் மாவு பிசையும் பாத்திரங்களை மேலுடையில் சுற்றித்தான் தோளில் சுமந்தார்கள் (விப 12:34). இரவில் அதுவே ஏழையின் பாயும் போர்வையும் ஆகும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த வேறுபாட்டை விளக்கப் பெரிய பாடம் தேவையில்லை. கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள், சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறார்கள். அது அவரவர் உடம்புக்கு, அவரவர் வேலைக்கு. அதை அங்கியின் இனம் எனலாம். மலையில் மாடு மேய்க்கிறவரின் தோளில் ஒரு கம்பளி கிடக்கும். மழை வந்தால் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். உட்கார்ந்தால் விரிப்பு, இரவில் போர்வை. அது மேலுடையின் இனம். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டும் ஒருவர் தூங்கலாம். கம்பளி இல்லாமல் மேகமலைக் குளிரில் ஓர் இரவைக் கழிக்க முடியுமா?

இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். சீர்திருத்த சபைச் சகோதரர்கள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில், இதே வசனத்தில் உள்ளே உடுத்துவது வஸ்திரம், வெளியே போர்த்துவது அங்கி. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் உள்ளே உடுத்துவது அங்கி, வெளியே போர்த்துவது மேலுடை. அங்கி என்ற ஒரே சொல் இரண்டு நூல்களில் இரண்டு வேறு உடைகளைக் குறிக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ளாடை கித்தோன், போர்வை ஹிமாத்தியோன். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் யாரோடு சேர்ந்து வாசித்தாலும் குழப்பம் வராது.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். கடன் கொடுத்தவர் ஏழையின் மேலுடையை அடகாக வாங்கினால், பொழுது சாயுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். வேறு எதைப் போர்த்திக்கொண்டு அவர் தூங்குவார் என்று ஆண்டவரே கேட்கிறார் (விப 22:26-27). இணைச்சட்ட நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடகு வாங்குகிறவர் கடன்பட்டவரின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். கைம்பெண்ணின் உடையை அடகாக வாங்கவே கூடாது. மாவரைக்கும் திரிகைக் கல்லையும் வாங்கக் கூடாது, ஏனென்றால் அது ஒருவரின் பிழைப்பு (இச 24:6, 10-13, 17). இந்தச் சட்டத்தை மீறி, அடகு வாங்கிய உடைகளைப் பலிபீடத்தின் அருகிலேயே விரித்துப் படுத்தவர்களை இறைவாக்கினர் ஆமோஸ் கடிந்துகொள்கிறார் (ஆமோ 2:8).

இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல. 1960-இல் இஸ்ரயேல் நாட்டுக் கடற்கரையில், யாவ்னே-யாம் என்ற இடத்துக்கு அருகில் ஒரு பழைய கோட்டையைத் தோண்டியபோது, மையால் எழுதிய பானை ஓடு ஒன்று கிடைத்தது. கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அறுவடைக் கூலியாள் ஒருவர் அதிகாரிக்கு அளித்த மனு அது. என் வேலையை நான் முடித்துவிட்டேன், ஆனாலும் மேற்பார்வையாளர் என் உடையை எடுத்துக்கொண்டார், என்னோடு அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள், அதைத் திருப்பித் தரச் செய்யுங்கள் என்பதே அதன் சாரம். பெயர் தெரியாத அந்தக் கூலியாளின் முறையீடு 2,600 ஆண்டுகள் கடந்து நம் காதில் விழுகிறது.

இப்போது இயேசுவின் அறிவுரைக்குத் திரும்புவோம். மத்தேயு சொல்வது நீதிமன்றக் காட்சி. மேலுடையைச் சட்டம் காப்பதால், கடன் கொடுத்தவர் அங்கியைத்தான் கேட்க முடிகிறது. லூக்கா நற்செய்தியில் வரிசை தலைகீழாக இருக்கிறது: முதலில் மேலுடை, பிறகு அங்கி (லூக் 6:29). அங்கே வழக்கு இல்லை, பறிப்புதான் இருக்கிறது. வழியில் பறிக்கிறவர் கையில் முதலில் சிக்குவது வெளியே இருப்பதுதானே?

நீதிமன்றத்தில் அங்கியை இழந்தவர் மேலுடையையும் கழற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? எல்லார் முன்னிலும் அவர் வெற்றுடம்போடு நிற்பார். அந்த நிலையைப் பார்த்து வெட்கப்பட வேண்டியவர் கடன்பட்டவர் அல்லர், கடைசித் துணிவரை கேட்டவர்தான் என்று விவிலிய அறிஞர் சிலர் விளக்குகிறார்கள். ஒன்றை மட்டும் நாம் மறக்கக் கூடாது. இந்த அறிவுரை இழக்கிறவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது. கடன் கொடுத்தவர் இதைக் காட்டி மேலுடையைக் கேட்க முடியாது.

நம் நாட்டுச் சட்டத்திலும் மேலுடைக்கு இடம் உண்டு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60-ஆம் பிரிவில், கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. தேவையான உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை, சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத அணிகலன், கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர்க் கருவிகள் ஆகியவை அதில் உள்ளன. தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003-ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

சட்டம் இருக்கிறது. ஆனாலும் கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று வரும்போது ஏழைகள் எதை எதையெல்லாம் அடகு வைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ரேஷன் அட்டை போகிறது. வங்கி அட்டை போகிறது. ரேஷன் அட்டை இல்லாத வீட்டில் அந்த மாத அரிசிக்கு வழி என்ன? இன்றைய மேலுடை அதுதான். திராட்சைத் தோட்டத்துக்குக் கவாத்து வேலைக்குப் போகிறவரின் கத்தரியும், தையல்காரப் பெண்ணின் இயந்திரமும் இன்றைய திரிகைக் கல்.

குழுக்கடனில் இன்னொரு சோதனை இருக்கிறது. தவணை கட்ட முடியாத பெண்ணின் வாசலுக்கு, அதே குழுவில் உள்ள பெண்களே அனுப்பப்படுகிறார்கள். அக்கா, தங்கை என்று பழகியவர்கள், ஞாயிறு திருப்பலியில் பக்கத்தில் அமர்ந்தவர்கள், வாய் தடித்துப் பேசும் நிலை வருகிறது. கொடுத்த பணத்தைக் கேட்பது தவறல்ல. மோசேயின் சட்டமும் அடகைத் தடுக்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்று கேட்கச் சொல்கிறது. இரவுக்கான போர்வையை மட்டும் விட்டுவைக்கச் சொல்கிறது. தவணைக்குத் திணறுகிற சகோதரிக்காக மற்றவர்கள் சேர்ந்து ஒரு வாரத் தவணையைப் பகிர்ந்துகொண்டால், அதுவும் ஒரு போர்வைதான்.

நவம்பர் 11-இல் நாம் கொண்டாடும் தூர் நகரப் புனித மார்ட்டின், படைவீரராக இருந்தபோது, ஆமியான் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலுடையை இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார். கோட்டை வெட்டினால் இருவருக்கும் பயன்படாது. மேலுடையை வெட்டினால் இருவருக்கும் கொஞ்சம் சூடு கிடைக்கும். அது பகிர்வதற்கு ஏற்ற துணி.

ஆகவே, அன்பு நேயர்களே, நம் வீட்டுப் பெட்டியையும் பீரோவையும் ஒருமுறை திறந்து பார்ப்போம். பிறருடைய ரேஷன் அட்டையோ, பிழைப்புக் கருவியோ, வேறு எந்த மேலுடையோ நம்மிடம் இருக்கிறதா? இருந்தால், கடன் கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பொருளை இன்று பொழுது சாயுமுன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம்.