மங்கிய திரையும் ஒரு மில்லிமீட்டர் பிழையும்

ஒரு பூதக்கண்ணாடியையும் எண்ணெய் தடவிய ஒரு துண்டுத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வேளையில் அறைக்குள் நின்றபடி, சன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தை நோக்கி லென்ஸைப் பிடியுங்கள். அதன் பின்னால் தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் மரம் தலைகீழாக, கிளையும் இலையுமாகத் தாளின்மேல் விழும். பாடப் புத்தகத்தில் நீங்கள் படித்த மெய்ப்பிம்பம் இதுதான்.

தாளுக்குப் பதிலாகச் சாதாரணக் கண்ணாடித் தகடு ஒன்றை அங்கே வைத்தால் என்ன ஆகும்? ஒளி அதை ஊடுருவிப் போய்விடும். சரியான இடத்தில் கண்ணை வைத்தால் பிம்பம் தெரியவும் கூடும். ஆனால் அது அந்தரத்தில் நிற்கும் பிம்பம். தகட்டிற்குச் சற்று முன்னே நின்றாலும் பின்னே நின்றாலும் கண் தன்னைச் சரிசெய்துகொண்டு அதைத் தெளிவாகவே பார்த்துவிடும். பிம்பம் தகட்டின்மேல் சரியாக விழுந்ததா என்று சொல்ல வழி இராது. பரப்பு சொரசொரப்பாக இருந்தால்தான் அதில் விழும் ஒளி சிதறும். பிம்பம் அங்கேயே பிடிபடும். பழைய காமிராக்களின் குவியத் திரை என்பது இப்படித் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய ஒரு கண்ணாடிச் சில்லுதான்.

1929-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பிராங்கே-ஹைடெக்கே நிறுவனம் ரோலிபிளெக்ஸ் என்ற காமிராவை வெளியிட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்கள். கீழ் லென்ஸ் பிலிமுக்கு. மேல் லென்ஸ் பார்ப்பவருக்கு. மேல் லென்ஸின் பின்னால் 45 பாகை சாய்ந்த ஓர் ஆடி, பிம்பத்தை மேல்நோக்கித் திருப்பிக் குவியத் திரையில் விழச் செய்யும். நீங்கள் காமிராவை வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். படம் நிமிர்ந்துதான் இருக்கும். ஆனால் இடமும் வலமும் மாறியிருக்கும். 1933-இல் இதன் விலை குறைந்த தம்பியாக ரோலிகார்டு வந்தது. பிறகு ஜப்பானின் யாஷிகாமேட் முதலிய பல காமிராக்கள் இதே வழியைப் பின்பற்றின. கோடாக் நிறுவனம் 1901-இல் அறிமுகம் செய்த 120 என்னும் அகலப் பிலிமில், பெயரளவில் 6 செ.மீ., உண்மையில் சுமார் 56 மி.மீ. பக்கமுள்ள சதுரப் படங்களை இவை எடுத்தன. அந்தப் பிலிம் இன்றும் தயாராகிறது. அதனால்தான் பரணில் கிடந்த இக்காமிராக்களைப் பலர் மீண்டும் தேடி எடுக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் திரை மங்கிக் கிடக்கிறது.

இரண்டு லென்ஸ்களும் ஒரே பலகையில் பொருத்தப்பட்டு ஒன்றாகவே முன்னும் பின்னும் நகரும். ஆகவே, மேல் லென்ஸிலிருந்து ஆடி வழியாகத் திரையின் சொரசொரப்பான பரப்புக்கு உள்ள ஒளிப்பாதையும், கீழ் லென்ஸிலிருந்து பிலிமுக்கு உள்ள தொலைவும் ஒத்துப்போக வேண்டும். திரையை மாற்றுகிறவர்கள் மறக்கக்கூடாத நிபந்தனை இது ஒன்றே. நான் மறந்தேன்.

என் மாமா நீண்ட காலம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். கடையை மூடியபோது 75 மி.மீ. லென்ஸ் உள்ள தம் ரோலிகார்டை என்னிடம் கொடுத்தார். திரையைக் கழற்றிக் கழுவித் துடைத்து மாட்டினேன். பளிச்சென்று இருந்தது. அவரையே முதல் படம் எடுப்போம் என்று, அவர் வீட்டுக் கூடத்தில் சன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, 2 மீட்டர் தொலைவில் நின்று, துவாரத்தை f/3.5 என்று முழுக்கத் திறந்து, பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். கழுவி வந்த படங்களில் மாமாவின் முகம் புகைபோல் இருந்தது. அவருக்கு ஒரு மீட்டர் பின்னால் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் தேதியைப் படிக்க முடிந்தது!

லென்ஸ் கெட்டுவிட்டது என்று நான் நினைத்தேன். மாமா படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். “கண்ணாடியைத் தலைகீழாப் போட்டுட்டியாடா?” என்றார். இயற்பியல் பாடம் நடத்துகிறவன் நான்!

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திரையின் சொரசொரப்பான பக்கம் கீழே, ஆடியைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போது ஒளி கண்ணாடிக்குள் நுழையும் முன்பே பிம்பம் அமைந்துவிடும். கண்ணாடியின் தடிமன் எதுவானாலும் கவலையில்லை. நான் அதை மேலே பார்க்க வைத்திருந்தேன். என் கண்ணாடியின் தடிமன் திருகு அளவியில் 1.5 மி.மீ. எனவே சொரசொரப்பான பரப்பு 1.5 மி.மீ. உயர்ந்துவிட்டது. ஆனால் குவிந்து வரும் ஒளி கண்ணாடிக்குள் விலகுவதால் பிம்பமும் சற்று மேலே தள்ளிப்போகும். தண்ணீருக்குள் கிடக்கும் காசு மேலெழுந்தாற்போல் தோன்றுவதற்குக் காரணமான அதே விலகல்தான் இது. தள்ளிப்போகும் அளவு t(1 − 1/n). n = 1.5 என்றால் அது 0.5 மி.மீ. ஆகப் பிழை 1.5 − 0.5 = 1 மி.மீ.

ஒரே ஒரு மில்லிமீட்டர்! அது படத்தில் என்ன செய்தது? 2 மீட்டரில் உள்ள பொருளின் பிம்பம் 75 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 77.92 மி.மீ. தொலைவில் விழும். திரையில் அதைத் தெளிவாக்கினேன், பிலிமோ 76.92 மி.மீ. தொலைவில் நின்றது. லென்ஸ் சமன்பாட்டில் இதைப் போட்டுப் பொருள் தொலைவைக் கண்டுபிடியுங்கள். 3 மீட்டர் வரும். நாள்காட்டி இருந்த இடம்!

துவாரத்தை f/16-க்குச் சுருக்கியிருந்தால் தப்பியிருப்பேன். f/3.5-இல் மாமாவின் கண்ணிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் பிலிமில் சுமார் 0.28 மி.மீ. வட்டமாகப் பரவியது; f/16-இல் அது 0.06 மி.மீ. மட்டுமே. வெயிலில் துவாரத்தைச் சுருக்கி எடுக்கும் படங்களில் இந்தக் குறை ஒளிந்துகொள்ளும் என்பதைக் கவனியுங்கள். சிறு பிழையும் சும்மா விடாது. 0.2 மி.மீ., அதாவது நோட்டுப் புத்தகத்தின் இரண்டு தாள் கனம், திரை உயர்ந்தால் 2 மீட்டரில் குவியம் 14 செ.மீ. பின்னால் போய்விடும். கண்ணுக்கு வைத்த குறி காதையும் தாண்டிவிடும்.

எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று அறிய ஒரு வேடிக்கையான வழி உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடவுங்கள். சொரசொரப்பான பக்கமானால் அந்த இடம் தெளிந்து, மறுபுறம் தெரியும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5. மேடுபள்ளங்களைத் தண்ணீர் நிரப்பியதும் ஒளி அதிகம் விலகாமல், சிதறாமல் போகிறது. குளியலறைச் சன்னல் கண்ணாடியிலும் இதைச் செய்து பார்க்கலாம். விரல் எண்ணெய் பட்ட பழைய திரைகளில் திட்டுத்திட்டாகக் கறை தெரிவதும் இதனால்தான். கண்ணாடித் திரையானால் சோப்பு நீரில் கழுவினால் போதும். பிளாஸ்டிக் திரையில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது. அதில் மெல்லிய வெடிப்புகள் ஓடித் திரை பாழாகும்.

பல காமிராக்களில் குற்றம் திரையில் இல்லை, ஆடியில் இருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்பக்கம் பூச்சு. இந்த ஆடிக்கு முன்பக்கம். பின்பக்கம் பூசினால் முன்பரப்பும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி இரட்டைப் பிம்பம் தரும். திறந்து கிடக்கும் வெள்ளிப் பூச்சு நாளாவட்டத்தில் கறுக்கிறது. துணியால் அழுத்தித் துடைத்தால் பூச்சே கையோடு வந்துவிடும். புதிய ஆடி போடுவதானால் அதுவும் முன்பூச்சு ஆடியாக, அதன் முன்பரப்பு பழைய இடத்திலேயே நிற்கும்படி இருக்க வேண்டும். அரை மி.மீ. முன்னே வந்தால் பிம்பம் 0.7 மி.மீ. மேலே போகும். ஏன் 0.7 என்பதை நீங்களே வரைந்து பாருங்கள்.

மூலைகள் ஏன் இருளுகின்றன?

ஆடியும் திரையும் சுத்தமாக இருந்தாலும் திரையின் நடுப்பகுதி பளிச்சென்றும் மூலைகள் மங்கலாகவும் இருக்கும். 56 மி.மீ. சதுரத்தின் மூலை நடுவிலிருந்து சுமார் 40 மி.மீ. தள்ளியிருக்கிறது. லென்ஸ் 75 மி.மீ. தொலைவில். ஆகவே மூலைக்கு வரும் கதிர் ஏறத்தாழ 28 பாகை வெளிப்புறமாகச் சாய்ந்து வருகிறது. சொரசொரப்பான கண்ணாடி ஒளியைச் சிதறடித்தாலும், பெரும்பகுதி வந்த திசையை ஒட்டியே போகிறது. உங்கள் கண்ணோ நடுவில், மேலே இருக்கிறது. மூலையின் ஒளி உங்கள் காதோரமாகப் போய்விடுகிறது என்று சொன்னால் தவறில்லை.

அந்தக் கதிர்களை உட்புறம் வளைக்க ஒரு குவிலென்ஸைத் திரையின்மேல் வைக்கலாம். 75 மி.மீ. தொலைவிலிருந்து விரிந்து வரும் ஒளியை 25 செ.மீ. மேலே உள்ள கண்ணில் சேர்க்க, குவியத் தொலைவு சுமார் 58 மி.மீ. வேண்டும். அவ்வளவு தடித்த லென்ஸ் அங்கே அடங்காது. இங்கே கைகொடுப்பவர் பிரான்ஸ் நாட்டுப் பிரெனெல் (1788–1827). கலங்கரை விளக்குக்காக அவர் லென்ஸை வளையம் வளையமாகப் பிரித்து, தேவையில்லாத கண்ணாடிச் சதையை நீக்கினார். வளைந்த பரப்புதானே ஒளியை வளைக்கிறது! 1823-இல் கோர்டுவான் கலங்கரை விளக்கத்தில் அது ஒளி வீசியது. அதே வளையங்களை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் நெருக்கமாகப் பதித்தால் திரைக்கான லென்ஸ் கிடைத்துவிடும். புத்தகம் படிக்க விற்கும் பிளாஸ்டிக் உருப்பெருக்கித் தகட்டை வெட்டிச் சிலர் வைக்கிறார்கள். அதன் குவியத் தொலைவு மிக அதிகம். வளையங்களும் கண்ணை உறுத்தும். எதை வைத்தாலும் தேய்த்த கண்ணாடிக்கு மேலேயே வையுங்கள். 1 மி.மீ. தகட்டை அடியில் வைத்தால் குவியம் மூன்றில் ஒரு பங்கு மி.மீ. மாறிவிடும்.

1980-களின் இறுதியில் ஸ்வீடன் நாட்டு ஹாசல்பிளாட் காமிராக்களுக்கு ஜப்பானின் மினோல்டா செய்து தந்த திரைகளில் தாறுமாறான கீறல்களுக்குப் பதில் நுண்ணிய லென்ஸ்கள் நெருக்கமாக அமைந்தன. சிதறலை வேண்டிய கோணத்துக்குள் அடக்கியதால் அவை மிகப் பிரகாசமாக இருந்தன. விலையும் அப்படியே.

உடைந்த திரைக்கு மாற்று வேண்டுமானால் வீட்டிலேயே தேய்க்கலாம். அளவாக வெட்டிய கண்ணாடியின்மேல் 600 எண் கார்போரண்டம் தூளைத் தண்ணீரில் குழைத்து வைத்து, இன்னொரு கண்ணாடியால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். தூளை உலர்ந்த நிலையில் கையாள வேண்டாம், மூச்சில் போகக்கூடாது. விளிம்புகளை முதலில் உப்புத்தாளால் நீரில் மழுக்கிவிடுங்கள். பருமனான தூள் ஒளியை அகலச் சிதறடித்துத் திரையை இருட்டாக்கும். மிக நுண்ணிய தூளில் முடித்தால் நடு பிரகாசிக்கும். மூலை இன்னும் இருளும். இரண்டுக்கும் நடுவே நிறுத்துவது கைப்பழக்கம். என் முதல் மூன்று சில்லுகள் குப்பைக்குப் போயின.

திரையை மாட்டியதும் பிலிம் போட அவசரப்படாதீர்கள். பின்மூடியைத் திறந்து, பிலிம் படியும் உள் தண்டவாளங்களின்மேல் இன்னொரு தேய்த்த கண்ணாடியை, சொரசொரப்பு லென்ஸைப் பார்க்கும்படி, ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். ஷட்டரைத் திறந்தே வைத்துத் துவாரத்தையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். முதலில் தொலைவிலுள்ள ஒரு கோபுரம். பிறகு 2 மீட்டரில் ஒரு செய்தித்தாள். மேல் திரையிலும் பின் கண்ணாடியிலும் ஒரே சமயத்தில் எழுத்து தெளிய வேண்டும். என் காமிராவை முடிவிலிக்குத் திருப்பி வைத்தபோது மேல் திரையில் கோபுரம் மங்கிக் கிடந்தது, 5.7 மீட்டரில் இருந்த பொருள்தான் தெளிந்திருந்தது. பன்னிரண்டு படங்களுக்கு முன்பே இதைப் பார்த்திருக்கலாம்.

கண்ணாடியைத் திருப்பி மாட்டிய பிறகு மாமாவை மறுபடி அதே நாற்காலியில் உட்காரவைத்தேன். இந்தத் தடவை நாள்காட்டியில் தேதி தெரியவில்லை.