மைக் செட் வால்வுகளில் ஒரு பியானோ

கோயில் திருவிழா என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மரக்கிளையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரும், அதிலிருந்து விடியற்காலையில் ஊரையே எழுப்பும் பாட்டும்தான். அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுத்தது, பந்தல் ஓரத்து மேஜையில் இரும்புப் பெட்டிக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர். டிரான்சிஸ்டர் பெட்டிகள் வந்தபின் அவை மூலைக்குப் போயின. பல, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அப்படிப் போகவிருந்த இரண்டை, என் மகளின் எலெக்ட்ரிக் பியானோவுக்கு ஸ்டீரியோ ஒலி தரும்படி மாற்றி அமைத்தேன். இத்துறையில் ஆர்வமுள்ள சங்க நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

பெட்டிகள் வந்த கதை

கோபிநத்தம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வீரப்பன் பிறந்த ஊர் என்று மட்டுமே தெரியும். மாதேஸ்வரன் மலைக்காட்டின் ஓரத்தில், கர்நாடக எல்லைக்குள் தமிழ் பேசும் ஊர் அது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது; பிறகு சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. அங்குள்ள மாரியம்மன் கோயில், 1991-இல் வீரப்பனால் கொல்லப்பட்ட வன அதிகாரி பி. சீனிவாஸ் முன்னின்று கட்டியது. இன்றும் அவர் படத்தை வைத்து மக்கள் கும்பிடுகிறார்கள்.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பல ஆண்டுகள் மைக் செட் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம்தான் அந்த இரண்டு பெட்டிகளும் இருந்தன. நான் மைசூரிலிருந்து போய்க் கேட்டபோது அவர் சொன்னது: "இரும்புக் கடைக்காரன் கிலோக் கணக்குல கேக்கறான் தம்பி. உள்ள இருக்கற செம்புக் கம்பிக்குத்தான் அவனுக்கு ஆசை. உங்க பொண்ணு வாசிக்கும்னா நீங்களே எடுத்துக்கங்க."

அவர் சொன்ன செம்புக் கம்பிதான் டிரான்ஸ்ஃபார்மர். பழைய ஆம்ப்ளிஃபயரில் காப்பாற்ற வேண்டிய பொருள் அதுவே. மற்ற உறுப்புகளைக் கடையில் வாங்கிவிடலாம். வால்வுகள்கூட ரஷ்யா, சீனா, ஸ்லோவாகியா நாடுகளில் இன்றும் தயாராகின்றன. நம் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் 1961-இல் வால்வு தயாரிப்பைத் தொடங்கி நாடெங்கும் அனுப்பியது. ஆனால் அளவறிந்து சுற்றிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை இன்று புதிதாகச் செய்ய ஆளும் குறைவு, செலவும் அதிகம்.

பியானோவுக்கு ஏன் இரண்டு?

1970, 80-களின் திரைப்பாடல்களில் மணி போல ஒலிக்கும் எலெக்ட்ரிக் பியானோவைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஒலிக்குப் பேர்போனது அமெரிக்கர் ஹெரால்டு ரோட்ஸின் கருவி. இரண்டாம் உலகப்போரில் காயமுற்றுப் படுத்திருந்த வீரர்கள் வாசிப்பதற்காக, விமானத்தின் அலுமினியக் குழாய்களைக் கொண்டு ஒரு சிறு பியானோவை அவர் செய்ததில்தான் அதன் கதை தொடங்குகிறது. பின்னாளில் வந்த 'சூட்கேஸ்' வகை ரோட்ஸில், ஒலி இடமும் வலமுமாக ஊஞ்சலாடும். ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்கும். இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் கலந்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்து, ஊஞ்சல் நின்றுபோகும். இன்றைய டிஜிட்டல் பியானோக்களும் அதே ஒலியை இடம், வலம் என இரு முனைகளில் தருவதால், இரண்டு ஆம்ப்ளிஃபயர் தேவைப்படுகிறது.

முதலில் உயிர், பிறகு ஒலி

இந்தப் பெட்டிகளுக்குள் 400 வோல்ட் அளவுக்கு மின்சாரம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். உயிரைப் பறிக்க அது போதும். எனவே 1,000 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட கிளிப்பில் பிடித்து, கண்டென்சரை மெதுவாக வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அருகில் விடவேண்டாம்.

இரண்டு முள் பிளக்கை எடுத்துவிட்டு, மூன்று முள் பிளக் போட்டு, பெட்டியின் இரும்புக்கு எர்த் கொடுத்தேன். பல ஆண்டுகள் தூங்கிய பெட்டியை நேராக 230 வோல்ட்டில் செருகக்கூடாது. நம் மெக்கானிக்குகளின் பழைய முறைப்படி, 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் எழுப்ப வேண்டும். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட் என்று பொருள்.

மாற்றியவை

பவர் சப்ளையின் கண்டென்சர்கள் உலர்ந்து 'ம்ம்' என்ற இரைச்சல் தந்தன. அதே அளவில், குறையாத வோல்ட்டேஜ் தாங்கும் புதியவற்றைப் போட்டேன். அடுத்து, ஒரு வால்விலிருந்து மற்றொன்றுக்கு ஒலியைக் கடத்தும் காகிதக் கண்டென்சர்கள். இவை கசிந்தால், ஈஎல் 34 வால்வின் உள்தகடு சிவந்து வால்வே போய்விடும். அதனால் எல்லாவற்றையும் 630 வோல்ட் பாலியெஸ்டர் வகைக்கு மாற்றினேன்.

இங்கேதான் மைக் செட்டுக்கும் பியானோவுக்கும் உள்ள வேற்றுமை தெரிகிறது. குழாய் ஸ்பீக்கரில் அடித்தொனி வராது. ஆகவே பேச்சுக்காகச் செய்த ஆம்ப்ளிஃபயரிலும் அதைக் குறைத்தே வைத்திருந்தார்கள். பெட்டிகளில் இருந்தது 0.0022 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டரும். கணக்குப்படி 150 ஹெர்ட்ஸ் சுமாரிலேயே ஒலி இறங்கத் தொடங்கிவிடும். 73 கட்டை ரோட்ஸின் முதல் சுரமோ ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். கண்டென்சரைப் பத்து மடங்காக்கி 0.022 போட்டதும் அந்த எல்லை 15 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. இடது கை சுரங்கள் முழுமையாகக் கேட்டன.

மைக் முனை சில மில்லிவோல்ட்டுக்காக ஏற்பட்டது. பியானோ தருவதோ ஒரு வோல்ட்டை ஒட்டி. எனவே மைக் வால்வைத் தாண்டி, இசைத்தட்டுக்கான 'கிராம்' முனையில் இணைத்தேன். ஸ்பீக்கரை 100 வோல்ட் லைனில் இருந்து எடுத்து 8 ஓம் முனைக்கு மாற்றினேன். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டக்கூடாது; அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிடும்.

இரட்டையர் ஆக்குதல்

ஒரே வகைப் பெட்டிகளானாலும் இரண்டும் ஒரே அளவில் ஒலிக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே சுரத்தைக் கொடுத்து, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை அளந்து, உள்ளே ஒரு சிறு பிரீசெட் வைத்துச் சமன் செய்தேன். பிறகு இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டேன். அடித்தொனி கூடுவதற்குப் பதில் குறைந்தது. ஒரு ஸ்பீக்கரின் கம்பிகளை மாற்றிப் போட்டதும் சரியாயிற்று. இரு பெட்டிகளுக்கும் எர்த் இருப்பதால் பியானோ வழியாக வந்த இரைச்சலுக்கு, இரண்டையும் ஒரே பிளக் போர்டில் போட்டு, ஒலிக் கம்பியில் சிறு ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தேன். இரைச்சலுக்காக எர்த் கம்பியை வெட்டுவது ஆபத்து, ஒருக்காலும் செய்யாதீர்கள்.

மெதுவாகத் தொட்டால் தெளிந்த மணியோசை. அழுத்தி வாசித்தால் வால்வுகள் கொஞ்சம் உறுமும். அந்த உறுமலும் காதுக்கு இதமாகவே இருக்கிறது. இரு பெட்டிகளுக்கும் கண்டென்சர் வாங்கிய செலவு ஒரு புதிய ஸ்பீக்கரின் விலைகூட ஆகவில்லை. பெரியவர் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டு, "அறுபது கல்யாணத்துக்குப் பாடினது, இப்பத்தான் சங்கீதம் படிக்குது" என்றார்.

வெளிநாட்டில் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியப் பெட்டியை 120 வோல்ட் நாட்டுக்கு எடுத்துச் சென்றால் வோல்ட்டேஜ் ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது 60-இல் நன்றாகவே ஓடும். ஆனால் 60-க்கு மட்டும் செய்ததை இங்கே கொண்டு வந்தால் சூடேறும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, மைக் செட் வைத்திருந்த வீடுகளில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எடைக்குப் போட்டுவிட்டால் செம்பு மட்டுமே மிஞ்சும். நம் பிள்ளைகள் கையில் கொடுத்தால், அந்தப் பெட்டிகள் இன்னும் ஒரு தலைமுறைக்குப் பாடும்.