எரியாமல் எஞ்சிய ஏடு

அயர்லாந்து நாட்டின் குறுகலான கிராமச் சாலைகளில், வாடகைக் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு தன்னந்தனியாகச் செல்லும் முதியவர்களைக் காணலாம். அவர்கள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ பிறந்தவர்கள். கையில் ஒரு வரைபடம். நெஞ்சில் ஒரு குடும்பப் பெயர். தம் பூட்டனார் எந்தக் குடிசையிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறினார் என்று அறியவே அவ்வளவு தொலைவு வந்திருக்கின்றனர். இதை வீண் ஆவல் என்று தள்ளிவிடலாமா? நாம் அவ்வாறு எண்ணவில்லை.

1841-ம் ஆண்டின் குடிக்கணக்குப்படி அயர்லாந்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 82 இலட்சம். அவர்களுள் ஏழைகளுக்கு உருளைக்கிழங்கே உயிர். 1845-ல் ஒரு நோய் அப்பயிரைத் தாக்கி அழுகச் செய்தது. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினர். மக்கள் பட்டினியால் மடிந்த அக்காலத்திலும் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று என்பது நெஞ்சைப் பிளக்கும் செய்தி.

இம்மக்களின் பெயர்களை எங்கே தேடுவது? 1922-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் நகரின் பொது ஆவணக் காப்பகம் வெடித்துத் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட குடிக்கணக்கு ஏடுகளுள் சில பகுதிகள் தவிர மற்றவை சாம்பலாயின. நாடு முழுவதற்கும் எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது 1901-ம் ஆண்டுக் கணக்கே.

ஆயினும் ஏழையின் பெயர் அடியோடு அழிந்துவிடவில்லை. அதைக் காத்து வைத்தது பங்குக் கோயிலின் ஞானஸ்நான ஏடு! கத்தோலிக்க ஏடுகள் அரசாங்கக் காப்பகத்தில் இராமல் அந்தந்தப் பங்கிலேயே இருந்தமையால் நெருப்பு அவற்றைத் தீண்டவில்லை. வேதகலாபனைச் சட்டங்கள் நிலவிய காலத்தில், ஒதுக்குப்புறமான பாறைகளையே பீடமாக்கித் திருப்பலி நிறைவேற்றிய மக்கள் அவர்கள். எனவே பல ஏழைப் பங்குகளின் ஏடுகள் 19-ம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், சிலவற்றில் சிற்றூரின் பெயர். இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுதிய ஒரே வரி. அயர்லாந்தின் தேசிய நூலகம் இவ்வேடுகளைப் படமெடுத்து, 2015 முதல் உலகினர் யாவரும் இணையத்தில் இலவசமாகக் காணச் செய்துள்ளது. சிற்றூரின் பெயர் அகப்பட்டால் பயணிக்கு வழி பிறக்கும். ஏனெனில் அந்நாட்டின் சிறு நிலப்பிரிவுகள் 60,000-க்கும் மேற்பட்டவை.

வழியிலே தொன்மையின் சின்னங்களும் அவரை நிறுத்துகின்றன. பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள நியூகிரேஞ்ச் என்னும் கற்சமாதி சுமார் 5,200 ஆண்டுகள் பழமையுடையது. டிசம்பரில் பகல் மிகக் குறுகும் நாட்களில் உதயசூரியனின் கதிர் உள்ளே புகுந்து, சுமார் 17 நிமிடம் அதன் அறையை ஒளிரச் செய்கிறது. ஷானன் ஆற்றங்கரையில், புனித கியரன் 6-ம் நூற்றாண்டில் நிறுவிய குளோன்மக்னாய்ஸ் மடத்தின் இடிபாடுகளும் கற்சிலுவைகளும் நிற்கின்றன. மேற்கே, புனித பத்ரீசியார் 40 நாள் நோன்பிருந்ததாக மரபு கூறும் 764 மீட்டர் உயர மலை. ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிறன்று திருப்பயணிகள் அதன்மேல் ஏறுவர். வெறுங்காலுடன் ஏறுவோரும் உண்டு. அம்மலையடிவாரத்தில், பஞ்சத்தில் மடிந்தோர் நினைவாக 1997-ல் வெண்கலக் கப்பல் ஒன்று நிறுவப்பட்டது. அதன் பாய்மரங்களுக்கிடையே எலும்புக்கூடுகள்!

இத்துணைத் துயருற்ற நாடு பிறருக்கும் கொடுத்தது. 1842-ல் அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த காணிக்கை அன்னை சபைக் கன்னியரிடம் கல்வி பயின்ற நம் குடும்பப் பெண்கள் எத்தனை பேர்!

பயணத்தின் முடிவில் அம்முதியவர் காண்பது பெரும்பாலும் கூரையற்ற நான்கு சுவர்களும் புல் மூடிய பழைய பாத்திகளுமே. ஆயினும் அவர் மனநிறைவோடு திரும்புகிறார். எவரும் நினையாத ஓர் ஏழைக் குழந்தைக்குப் பெயர் இருந்தது. அப்பெயரை ஒரு குரு மைதொட்டு எழுதி வைத்தார் என்று அவர் கண்டுகொண்டார் அல்லவா?

இங்கே நாம் நாணத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிறு பூசை முடிந்த களைப்பில், ஞானத்தாயின் பெயரைச் சுருக்கியும், ஊரின் பெயரைப் பிறகு எழுதலாமென்று விட்டும் வைத்த நாட்கள் நமக்கு உண்டு. அந்தப் 'பிறகு' பலமுறை வந்ததேயில்லை. அயர்லாந்தின் கதையை அறிந்தபின் நம் ஏட்டை முதலிலிருந்து புரட்டி, வெற்றிடங்களை நிரப்பத் தொடங்கியுள்ளோம்.

பங்குக் குடும்பத்தாரே, நீங்களும் உதவுங்கள். உங்கள் பெயரும் பெற்றோர் பெயரும் பங்கு ஏட்டில் பிழையின்றி உள்ளனவா என்று வந்து பாருங்கள். பாட்டனாரும் பாட்டியாரும் உயிரோடிருக்கும்போதே அவர்தம் பெற்றோரின் பெயர், ஊர், வந்த வழி யாவும் கேட்டு, வீட்டு வேதாகமத்தின் முன்பக்கத்தில் எழுதுங்கள். நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லியே அழைக்கிறார். அப்பெயர்களை நாம் மறப்பது தகுமா?