டர்போவா, சாதா எஞ்சினா? வாகனம் வாங்குமுன் ஒரு கணக்கு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஐந்து வருடமாகப் பழைய லொறியை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்த நமது வியாபாரிகள் பலர் இப்போது வேறு வாகனத்துக்கு விலை விசாரிக்கிறார்கள். கடைக்கு வருபவர்களும், ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நின்று கதைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான்: "டர்போ எடுக்கிறதா, சாதா எஞ்சின் எடுக்கிறதா?"

ஒரு சாரார் டர்போ என்றாலே பெருமை என்று நினைக்கிறார்கள். மறு சாரார், டர்போ பழுதானால் கடையையே விற்க வேண்டிவரும் என்று பயப்படுகிறார்கள். இரு சாராரும் எஞ்சினைப் பார்க்கிறார்களே தவிர, தங்கள் வாகனம் தினமும் எங்கே, எவ்வளவு பாரத்தோடு ஓடப் போகிறது என்பதைப் பார்ப்பதில்லை. முதலில் ஓட்டத்தை எழுதுங்கள், பிறகு எஞ்சினைத் தெரிவு செய்யுங்கள் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

டர்போ என்ன செய்கிறது?

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையை எல்லோரும் பார்த்திருப்போம். முப்பது கோபுரங்களிலும் காற்று சக்கரத்தைச் சுழற்றுகிறது. சுழலும் சக்கரம் மின்சாரம் தருகிறது. டர்போவும் உள்ளங்கை அளவிலான ஒரு காற்றாலைதான். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை அதன் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது.

காற்றை ஏன் தள்ள வேண்டும்? ஒரு கிலோ டீசல் சரியாக எரிய ஏறத்தாழ பதினான்கரை கிலோ காற்று வேண்டும். சாதா எஞ்சின் தன் மூச்சால் இழுக்கும் காற்றோடு நின்றுவிடும். அதற்கு மேல் டீசலைக் கொடுத்தால் கறுப்புப் புகைதான் மிஞ்சும். டர்போ அதிக காற்றைத் திணிப்பதால் அதிக டீசலை எரித்து அதிக வலுவை எடுக்கலாம். சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரட் பியூகி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. ஆகவே டர்போவைப் புதிய விளையாட்டு என்று எவரும் தள்ளிவிட வேண்டியதில்லை.

நமது ஊரில் ஓடும் வாகனங்களையே பாருங்கள். இசுசு எல்ஃப் லொறியில் முன்பு வந்த 4எச்எஃப்1 எஞ்சின் டர்போ இல்லாதது; 4,334 சிசி. பின்னர் வந்த 4ஜேஜே1 டர்போ எஞ்சின் 2,999 சிசி. அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. டொயோட்டா ஹயேஸ் வேனில் 5எல் எஞ்சினும் 1கேடி எஞ்சினும் கிட்டத்தட்ட ஒரே அளவு, மூன்று லீற்றருக்குச் சற்றுக் குறைவு. டர்போ இல்லாத 5எல் நூறு குதிரைவலுவைத் தொடாது. டர்போ உள்ள 1கேடி 130ஐயும் தாண்டும்.

தெரிவு எங்கே மிஞ்சியிருக்கிறது?

இப்போது வரும் புதிய டீசல் லொறிகளில் அநேகமாக எல்லாமே டர்போதான். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் உலகெங்கும் இறுகியதால் கம்பனிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. எனவே புதிய லொறி எடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, "டர்போவைப் பராமரிக்க என்னால் முடியுமா?" என்பதுதான். முடியாதென்றால் நல்ல நிலையிலுள்ள பழைய சாதா லொறியைத் தேடுவது வெட்கமல்ல.

உண்மையான தெரிவு இருப்பது சின்ன வேன்களில். சுசூக்கி எவ்ரி வேன் இதற்கு நல்ல உதாரணம். அதே 658 சிசி பெற்றோல் எஞ்சின் சாதாவாகவும் வருகிறது, டர்போவாகவும் வருகிறது. சாதா 49 குதிரைவலு. டர்போ 64 குதிரைவலு. இந்த 15 குதிரைகள் உங்களுக்குத் தேவையா என்பதை உங்கள் பாதைதான் சொல்ல வேண்டும்.

மன்னாரின் மூன்று ஓட்டங்கள்

முதலாவது, தீவுக்குள்ளும் கரையோரத்திலும் ஓடும் சில்லறை ஓட்டம். தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, பாலம் கடந்தால் வங்காலை, சிலாவத்துறை. பாதை சமதரை. ஐந்து கிலோமீற்றர் ஓடி நிற்பதும், சாமான் இறக்குவதும், மீண்டும் ஓடுவதுமாக நாள் போகும். இந்த ஓட்டத்தில் டர்போவின் முழு வலுவுக்கு அநேகமாக வேலை இருக்காது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வலு பயன்படாமலே கிடக்கும். இவர்களுக்கு சாதா எஞ்சின் போதும் என்பதே என் தீர்மானமான கருத்து.

இரண்டாவது, தென்னிலங்கை ஓட்டம். மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் வழியாகக் கொழும்புக்கு முன்னூறு கிலோமீற்றருக்கு மேல். 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து, 2009க்குப் பின் திரும்பிய நமது மக்களில் பலருக்கு இரண்டு பக்கமும் வீடும் தொழிலும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பாதை வாராந்தம் போகும் பாதை. ஐஸ் போட்ட மீன் பேலியகொடைச் சந்தைக்கு விடியுமுன் போய்ச் சேர வேண்டும். முழுப் பாரத்தோடு மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடும்போது சிறிய டர்போ எஞ்சின் பெரிய சாதா எஞ்சினைவிடக் குறைந்த டீசலில் காரியத்தை முடிக்கும். அரைப் பாரத்தோடு ஓடுபவருக்கு இந்த லாபம் சுருங்கிவிடும்.

மூன்றாவது, மலையக ஓட்டம். தோட்டப் பகுதிகளுக்குக் கருவாடு ஏற்றிப்போய், திரும்பும்போது மரக்கறி ஏற்றிவரும் வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. நூறு மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு வீதம் என்று வைத்துக்கொள்ளலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். மன்னாரில் நன்றாக இழுத்த சாதா எஞ்சின் அங்கே ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழந்து நிற்கும். டர்போ காற்றை அழுத்திக் கொடுப்பதால் இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்கிறது. மலையேறுபவருக்கு டர்போ ஆடம்பரமல்ல, அவசியம்.

டர்போ கேட்கும் கூலி

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம். ஆகவே டர்போவின் ஆயுள் ஒயிலில் இருக்கிறது. கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்பே ஒயில் மாற்றினால் நட்டமில்லை. பின்பு மாற்றினால் நட்டம் நிச்சயம். மலிவான கலப்பு ஒயிலும் வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது. ஒயில் மேலேறச் சிறிது நேரம் கொடுங்கள். நெடுந்தூரம் ஓடி வந்தவுடன் சாவியைத் திருப்பி நிறுத்தவும் கூடாது. ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்ட பிறகே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சூடான டர்போவுக்குள் தேங்கிய ஒயில் கருகிக் கட்டியாகும். இதை முதலாளி அறிந்தால் போதாது, சாரதி அறிய வேண்டும். அவசரத்தில் ஓடும் சாரதியிடம் டர்போ லொறியைக் கொடுப்பவர், வாகனத்தோடு அந்தப் பழக்கத்தையும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மன்னாருக்கென்றே இரண்டு எதிரிகள் உண்டு: மணலும் உப்பும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் பாதையெல்லாம் மணல் பறக்கும். எயார் ஃபில்டர் கிழிந்தோ தளர்ந்தோ இருந்தால், அந்த வேகத்தில் சுழலும் சக்கரத்தின் இதழ்களை மணல் அரித்துவிடும். அந்த மாதங்களில் ஃபில்டரை அடிக்கடி திறந்து பாருங்கள். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அலுமினியத்தால் ஆனது. கடற்கரையில் மீன் ஏற்றும் வாகனத்தில் உப்பு நீரும் உப்புக் காற்றும் அதைத் தின்னும். கரைக்குப் போய்வந்த நாளில் நல்ல தண்ணீரால் முன்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் கழுவுவது பெரிய வேலையல்ல.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த டர்போ டீசல் லொறிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டியும் இருக்கும். தொடர்ந்து சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரியும். தீவுக்குள் குட்டி ஓட்டம் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் இதற்கு நல்லது.

எரிபொருளும் முக்கியம். யுத்த காலத்தில் வடக்கில் மண்ணெண்ணெயில் கார் ஓடியதை மறக்கவில்லை. பழைய எஞ்சின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. இன்றைய டர்போ டீசல்களின் இன்ஜெக்டர்கள் பொறுக்காது. 2022 நெருக்கடியில் செய்ததுபோலக் கேனில் கிடைத்ததை ஊற்றும் பழக்கம் இவற்றுக்கு ஆகாது.

கணக்கைப் போடுங்கள்

ஒரு உதாரணம் சொல்கிறேன். எண்களை உங்கள் எண்களால் மாற்றிக்கொள்ளுங்கள். கொழும்புக்கு மாதம் பத்து முறை போய்வந்தால் 6,200 கிலோமீற்றர். சாதா லொறி லீற்றருக்கு ஏழு கிலோமீற்றரும், டர்போ எட்டு கிலோமீற்றரும் ஓடுவதாக வைத்தால் மாதம் 110 லீற்றர் மிச்சம். டீசல் 300 ரூபா என்று கொண்டால் 33,000 ரூபா. டர்போவின் கூடுதல் பராமரிப்புக்கு 8,000 கழித்தால் 25,000. இரண்டு லொறிக்கும் விலை வித்தியாசம் 15 இலட்சம் என்றால் அதைத் திரும்பப் பெற ஐந்து வருடம் ஆகும். மாதம் ஐந்து முறை மட்டும் போகிறவருக்கு, பராமரிப்பும் பாதியாகிறது என்று வைத்தாலும், பத்து வருடம். தீவுக்குள் ஓடுபவருக்கு இந்தப் பணம் திரும்பவே திரும்பாது.

கூடுதல் விலையைக் கடனில் எடுத்தால் கணக்கு இன்னும் நீளும். வட்டியைத் தவிர்க்கும் நமது சகோதரர்கள் இஜாரா முறையில் எடுக்கும்போதும் ஒப்பந்தத்தை வாசித்தே கையெழுத்திட வேண்டும். அன்றாடப் பராமரிப்பு யாருக்கு, பெரிய பழுது யாருக்கு என்பது எழுத்தில் தெளிவாக இருக்கட்டும்.

பாவித்த டர்போ வாங்குவோருக்கு

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. கூர்மையான விசில் அல்லது உரசும் சத்தம் டர்போ தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். காற்றுக் குழாயைக் கழற்றி, சக்கரத்தைப் பிடித்து மெக்கானிக் ஆட்டிப் பார்க்கட்டும். வீட்டுச் சுவரில் உரசும் அளவுக்கு ஆட்டமிருந்தால் விட்டுவிடுங்கள். இன்டர்கூலர் குழாயில் மெல்லிய ஒயில் பூச்சு இருப்பது சாதாரணம். ஒயில் தேங்கி நின்றால் அது வேறு கதை. டர்போ வேலை தெரிந்த கராஜ் உங்கள் ஓட்டப் பாதையில் எங்கே இருக்கிறது என்பதையும் வாங்குமுன்பே விசாரியுங்கள். மதவாச்சிப் பாதையில் நடுநிசியில் லொறி நின்றால் ஐஸ் உங்களுக்காகக் காத்திருக்காது.

இன்னொன்று. டர்போ இழுக்கிறதே என்று அனுமதித்த பாரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். எஞ்சின் இழுத்தாலும் பிரேக்கும் டயரும் சட்டமும் கூடியதில்லை. லொறியில் இருப்பது பலரது மீன். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். சாரதியின் உயிர் அதைவிடப் பெரிய அமானிதம்.

மலை, முழுப் பாரம், நெடுந்தூரம் ஆகிய மூன்றில் ஒன்றாவது உங்கள் அன்றாட ஓட்டமாக இருந்து, பராமரிக்கும் ஒழுங்கும் உங்களிடம் இருந்தால் டர்போ எடுங்கள். இல்லையேல் சாதா எஞ்சினை எடுத்து, மிச்சப் பணத்தைச் சரக்கில் போடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் எதை எடுத்தார் என்று பார்த்து வாங்காதீர்கள். அவரது ஓட்டம் வேறு, உங்கள் ஓட்டம் வேறு. அல்லாஹ் நமது தொழிலில் பரக்கத் செய்வானாக.