மொட்டை மாடியில் ஒரு தோட்ட விருந்து

கோடைக்காலத்துச் சாயங்கால வேளையில், பசும்புல் தரையிலே நாற்காலி மேஜைகளைப் பரப்பி, நண்பர்களை அழைத்துத் தேநீரும் சிற்றுண்டியும் வழங்குவதற்குத் தோட்ட விருந்து என்று பெயர். மேனாட்டார் நமக்குக் காட்டிவிட்டுப் போன வைபவங்களில் இதுவும் ஒன்று. லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில் வருஷந்தோறும் கோடையில் இத்தகைய விருந்துகள் நடக்கின்றன. ஒரு விருந்துக்கு ஏறக்குறைய 8,000 பேர் வருகிறார்களாம். பத்திரிகைகளில் அந்தப் படங்களைப் பார்க்கும் நமது இல்லத்தரசிகளுக்கு, "நம் வீட்டிலும் இப்படி ஒரு நாள் நாலு பேரைக் கூப்பிட்டு, நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?" என்ற ஆசை எழுவது இயற்கைதான்.

ஆசை எழுந்த மறுகணமே பெருமூச்சும் எழுகிறது. தோட்டத்துக்கு எங்கே போவது?

கொருக்குப்பேட்டைவாசிகளான நமக்கும் ஒரு பக்கிங்ஹாம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது அரண்மனை அல்ல, கால்வாய். அரண்மனைக்குப் பெயர் தந்த பிரபு வேறு. கால்வாய்க்குப் பெயர் தந்தவர் வேறு. 1806-ஆம் வருஷத்தில் சென்னையிலிருந்து எண்ணூரை நோக்கி வெட்டத் தொடங்கிய இந்தக் கால்வாய், 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, பட்டினி கிடந்த ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காக மேலும் தோண்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் சென்றன. இன்று அதில் என்ன செல்கிறது என்பதை நேயர்களின் நாசிகளே அறியும். அதன் கரையில் மேஜை போட்டு விருந்து வைத்தால், வந்தவர் ஒரு கையால்தான் சாப்பிட முடியும்; மற்றொரு கை மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும்!

கால்வாயை விட்டால் ரயில்வேயின் சரக்கு நிலையம். அதையும் விட்டால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வாசலில் ஒரு துளசி மாடத்துக்கு இடம் கிடைத்தால் அதுவே நந்தவனம். என்றாலும், இந்தப் பேட்டையில் மிகச் சிறிய வீட்டுக்கும் தலைக்கு மேலே விசாலமான ஒரு தோட்டம் இருக்கிறது. அதில் புல் முளைப்பதில்லை, நட்சத்திரங்கள் முளைக்கின்றன. அதற்கு மொட்டை மாடி என்று பெயர்.

மொட்டை மாடி விருந்து நமக்குப் புதிது அல்ல. நிலாச்சோறு என்று நம் பாட்டிமார்கள் அதைத்தான் சொன்னார்கள். பெரிய கற்சட்டியில் சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு, சுற்றிலும் உட்கார்ந்த குழந்தைகளின் கைகளில் உருண்டை உருண்டையாக வைத்த அந்த வழக்கத்தை விட நிம்மதியான விருந்து உலகத்தில் உண்டா? ஆளுக்கு ஒரு பிடி அரிசியும் பருப்பும் கொண்டுவந்து சேர்த்துச் சமைக்கும் கூட்டாஞ்சோறும் நம்முடையதே. ஆகவே, நாம் எதையும் இரவல் வாங்க வேண்டியதில்லை. மறந்ததை நினைவுபடுத்திக்கொண்டால் போதும்.

காற்றுக்கும் நிலவுக்கும் அழைப்பு

முதலில் அழைக்க வேண்டிய விருந்தாளி கடற்காற்று. பகலில் நிலம் கடலைக் காட்டிலும் விரைவாகச் சூடேறுகிறது. சூடான காற்று மேலே எழும்ப, அதன் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மேற்கேயிருந்து வீசும் வெப்பக் காற்று பலமாக இருந்தால், இந்த நல்ல விருந்தாளி வரத் தாமதமாகும். சில நாட்களில் வராமலே இருந்துவிடுவதும் உண்டு. 2003-ஆம் வருஷம் மே 31-ஆம் தேதி சென்னையில் உஷ்ணம் 45 டிகிரியைத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் விருந்து வைப்பது விருந்தாளிகளை வறுப்பதற்குச் சமானம். அன்று பகல் ஒரு மணிக்குப் பிறகும் கிழக்குக் காற்று எழவில்லையென்றால் விருந்தை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள். அடுத்த வீட்டாரிடம் சொல்லி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டாவது அழைப்பு சந்திரனுக்கு. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே காசிமேட்டுப் பக்கம் சந்திரன் உதயமாகிறது. அதற்கு முதல் நாளென்றால், அந்தி சாயும்போதே வானத்தில் சற்று உயர்ந்து நிற்கும். பௌர்ணமி கழிந்தால் நாளுக்கு நாள் ஏறக்குறைய முக்கால் மணிக்கு மேல் தாமதித்துத்தான் வரும்; குழந்தைகள் தூங்கிப் போவார்கள். ஆகையால் பௌர்ணமியோ, அதற்கு முந்தின இரண்டொரு நாளோ உத்தமம்.

மாடித் தளம் பகல் முழுவதும் குடித்த வெயிலை இரவில் மெல்ல மெல்லக் கக்குகிறது. மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டால், அந்த நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் குடம் குடமாக நல்ல தண்ணீரைக் கொட்டாதீர்கள். 2019-ஆம் வருஷக் கோடையில் இந்நகரத்து மாதர்கள் லாரியின் பின்னால் குடத்தோடு ஓடியதை யாரும் மறந்திருக்க முடியாது. துணி அலசிய கடைசித் தண்ணீர் இரண்டு வாளி இருந்தால் போதும்.

கொடிக் கயிறுகளை அவிழ்த்துவிடுங்கள். கோரைப்பாயும் ஜமக்காளமும் விரியுங்கள். முழங்கால் நோவுள்ள பெரியவர்களுக்கு மட்டும் நாலு நாற்காலி போடுங்கள். பனையோலை விசிறிகள் ஆறேழு கிடக்கட்டும். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால், குழந்தைகளின் பாயை மாடியின் நடுவில் விரித்து, பெரியவர் ஒருவர் சுவர்ப் பக்கம் உட்கார்ந்துகொள்ளுதல் அவசியம். படிக்கட்டில் ஒரு விளக்கு எரியட்டும். மாடியில் விளக்கு வேண்டாம். சந்திரனை அழைத்துவிட்டு அவன் முகத்துக்கு நேரே மின்சார விளக்கைப் போடுவது மரியாதை அல்ல.

என்ன சமைப்பது?

கோடை விருந்துக்கு ஒரே விதி: சூடாகப் பரிமாற வேண்டிய பண்டம் எதுவும் இருக்கலாகாது. சுடச்சுடத் தோசை வார்ப்பதென்று ஆரம்பித்தால், ஒருவர் கீழே அடுப்பிலும் மற்றவர் மேலே நிலவிலும் என்று ஆகிவிடும்.

ஆறினாலும் ருசி குன்றாத சித்திரான்னங்களை நம் முன்னோர்கள் இதற்காகவே கண்டுபிடித்தார்கள் போலும். புளியோதரையைக் காலையிலேயே கலந்து வைத்துவிடலாம். ஊற ஊற அது மேன்மை அடையும். எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிற்பகலில் கலந்தால் போதும். தயிர்ச் சாதத்துக்குச் சாதத்தைக் குழைய வடித்து, பாலை நிறைய விட்டு, தயிரைச் சிறிதளவே சேர்த்தால் இரவு வரை புளிக்காது. தேங்காய்ச் சட்னியை மட்டும் கோடையில் நம்பாதீர்கள். அது நண்பனைப் போல் வந்து பகைவனாக மாறிவிடும். மாவடுவும் வறுத்த மோர் மிளகாயும் அந்தக் குறையைத் தீர்த்து வைக்கும்.

மீன் பிரியர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். நமது கடற்கரையில் மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. காசிமேட்டில் விலை ஏறியிருக்கும் அந்த நாட்களில் விருந்தைச் சைவமாக வைத்துக்கொள்வது பணத்துக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது.

வடசென்னைக்கே உரிய பதார்த்தம் ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்ட பின்பு, ஆயிரக்கணக்கான தமிழர்கள் சேர்த்த சொத்தை அங்கேயே விட்டுவிட்டுத் தாய்நாடு திரும்பினார்கள். அவர்களில் பலர் இப்பகுதிகளில் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த செல்வம் அத்தோ என்னும் பலகாரம்தான். வேகவைத்து ஆறவைத்த நூடுல்ஸோடு கோசு, வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைவது. அடுப்பே வேண்டாம்! மொட்டை மாடிக்கென்றே பிறந்த பண்டம் அது.

தாகத்துக்குப் பானகமும் நீர்மோரும். நாலு தம்ளர் தண்ணீருக்கு முக்கால் தம்ளர் பொடித்த வெல்லம், ஒரு எலுமிச்சம்பழம், சிட்டிகை சுக்கு, இரண்டு ஏலக்காய் — இது பானகம். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை — இது நீர்மோர். வெட்டிவேர் போட்ட மண்பானைத் தண்ணீர் மூலையில் இருக்கட்டும். பானங்களில் கடை ஐஸ்கட்டியைப் போடாதீர்கள். மீனைப் பதப்படுத்த உண்டாக்கிய ஐஸ் குடிப்பதற்கு ஏற்றதல்ல. நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் இருந்தால் விருந்து பூர்த்தி. எல்லாம் வாழையிலையிலோ மந்தாரை இலையிலோ இருக்கட்டும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளும் தட்டுகளும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை என்பதை நினைவில் வைப்போம்.

விருந்தில் உட்காராதவர்

இவ்வளவும் எளிதுதான். கடினமான காரியம் வேறொன்று இருக்கிறது.

நம் வீடுகளில் விருந்து என்றால் எல்லோருக்கும் ஆனந்தம், ஒருவரைத் தவிர. அவர் காலையில் அடுப்படியில் நுழைகிறார். விருந்தாளிகள் வரும்போது புகை படிந்த முகத்தோடு, "வாருங்கள்" என்கிறார். பந்தி முடியும் வரை நிற்கிறார். எல்லோரும் எழுந்த பிறகு மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிறார். "ஆகா, என்ன அருமையான விருந்து!" என்று நண்பர்கள் வீட்டுத் தலைவரின் கையைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். விருந்தோம்பலுக்கென்று திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். விருந்தாளியின் மனம் அனிச்சப் பூவை விட மென்மையானது என்று அதில் சொன்னார். விருந்து படைக்கிறவளின் முழங்கால் இரும்பால் ஆனது என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை.

சென்ற வருஷம் சித்ரா பௌர்ணமியன்று நமது தெருவில் ஐந்து குடும்பங்கள் ஒரே மாடியில் கூடின. வீட்டுக்கு ஒரு பண்டம் என்று ஏற்பாடு. தெலுங்கு பேசும் ஒரு வீட்டிலிருந்து மாங்காய்ப் புலிஹோரா வந்தது. ஒரு முஸ்லிம் வீட்டிலிருந்து சப்ஜா விதை மிதக்கும் நன்னாரி சர்பத் வந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தின் பேரன் அத்தோ பிசைந்தான். மாடிக்குச் சொந்தக்கார அம்மாளுக்கு எழுபது வயது. அவர் வழக்கம்போல் படிக்கட்டருகே நின்றுகொண்டு, யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, உட்காருங்கள். பரிமாற ஒன்றும் இல்லை. பாத்திரம் நடுவில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்" என்றாள் மருமகள்.

"எல்லோரும் ஆகட்டும், அம்மா" என்றார் அவர்.

"எல்லோரும் என்றால் அதில் நீங்களும்தான்" என்று சொல்லி மருமகள் தம் பக்கத்தில் பாயை இழுத்துப் போட்டாள்.

அந்த அம்மாள் உட்கார்ந்தார். இலையில் விழுந்த நிலா வெளிச்சத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்து ஐம்பது வருஷமாகிறது. வந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது இன்றைக்குத்தான்" என்றார். யாருக்கும் உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை.

வீட்டுக்காரி உட்காருகிற விருந்தே நிம்மதியான விருந்து என்பது நமது அபிப்பிராயம். பண்டங்கள் எவ்வளவு, யார் எதைக் கொண்டுவருவது என்பதையெல்லாம் இந்த ஓர் அளவுகோலை வைத்தே தீர்மானிக்க வேண்டும். அவரால் உட்கார முடியவில்லை என்றால் பண்டங்களில் இரண்டைக் குறையுங்கள். அல்லது வீட்டுப் புருஷர்களில் இரண்டு பேரைச் சமையலறைக்கு அனுப்புங்கள்.

பக்கத்துப் பாயில் யார்?

இன்னொரு விஷயம் உண்டு. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். தொல்காப்பியர் புதிதாகப் புனையும் செய்யுளையும் விருந்து என்றே குறிப்பிடுகிறார். அப்படியானால், வாரத்துக்கு மூன்று தடவை வருகிற மாமாவும் சித்தியும் விருந்தினர் அல்லர். எதிர்வீட்டில் பத்து வருஷமாக இருந்தும் நாம் பெயர் கேளாத குடும்பமே விருந்து.

சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது நம் தேசத்தில் எளிதில் கைகூடிய காரியம் அல்ல. 1917-ஆம் வருஷம் மே மாதத்தில், இதே கோடைக்காலத்தில், கொச்சிக்கு அருகே செறாயி என்னும் ஊரில் சகோதரன் ஐயப்பன் பல சாதியாரையும் சேர்த்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். அதற்காகச் சொந்த சமூகத்தாரே அவரைப் பழித்தார்கள். 1924, 1925-ஆம் வருஷங்களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்த விவகாரம் தமிழ்நாட்டு அரசியலையே குலுக்கிவிட்டது. சட்டங்கள் மாறின; ஹோட்டல்களில் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் சொந்த வீட்டுப் பாயில், சொந்தக் கையால் பிசைந்த சாதத்தை, பிற சாதியாரோடும் பிற மதத்தாரோடும் பகிர்ந்துகொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நமது பகுதிக்கு இதில் ஒரு பழைய பெருமை உண்டு. 1782-ஆம் வருஷத்தில், ஹைதர் அலி யுத்தத்தால் பஞ்சம் நேர்ந்து ஜனங்கள் நகரத்தை நோக்கி வந்தபோது, ராயபுரம் பக்கத்து மணியக்காரர் சத்திரத்தில் அவர்களுக்குக் கஞ்சி வார்த்தார்கள். அதையொட்டி வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வெகுகாலம் ஜனங்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். முன்பின் அறியாதவருக்கு உணவளித்த பெயர் அப்படிச் சுலபமாக அழிவதில்லை.

ஆகையால் அடுத்த விருந்துக்கு அழைப்பவர்களில், இதுவரை உங்கள் வாசற்படி ஏறாத ஒரு குடும்பமாவது இருக்கட்டும். அவர்கள் சாப்பிடுவது இன்னது, சாப்பிடாதது இன்னது என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களிடமிருந்தும் ஒரு பண்டம் வரட்டும். வெறுங்கையோடு வருகிறவருக்குக் கூச்சம் இருக்கும், கையில் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வருகிறவருக்கு அது இராது. ஒலிபெருக்கி வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் சட்டமே அதை அனுமதிப்பதில்லை. பத்துக்கு முன்னும் பேச்சுச் சத்தமே போதுமான சங்கீதம். எழுந்திருக்கும்போது ஆளுக்கு ஓர் இலை எடுத்தால், கூட்டிப் பெருக்கும் வேலை ஒருவர் தலையில் விழாது.

பஞ்சாங்கத்தையோ நாட்காட்டியையோ எடுத்து, வருகிற பௌர்ணமி என்றைக்கு என்று பாருங்கள். எதிர்வீட்டாரிடம் சொல்லிவைக்க இன்னும் நாள் இருக்கும்.